நண்டையும் சேர்த்தால் ஐந்து பேர்

முதலில் ஒரு திருத்தம். சிங்கப்பூரில் எங்கள் கிளமெண்டி அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இரண்டு வாரமாக ஒட்டியிருக்கும் பழைய படத்தில், எனக்கு வலப்பக்கம் நின்று சிரிப்பவர் என் கணவர் அல்லர். மின்தூக்கியில் பார்ப்பவர்கள் எல்லாம், "ஆன்ட்டி, உங்க ஹஸ்பண்ட் அந்தக் காலத்துல ஹீரோ மாதிரி இருந்திருக்காரு லா" என்கிறார்கள். என் கணவர் அழகானவர்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் உயிரோடு இருந்தவரை ஒரு நாளும் சட்டையை வெளியே விட்டுக்கொண்டு படத்துக்கு நின்றதில்லை. படத்தில் இருப்பவர் ஒரு டாக்சி ஓட்டுநர். அவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது.

இரண்டாவது திருத்தம். படத்தின் கீழே "சேலை கட்டிப் பார்க்கும் சீனத் தோழி" என்று அச்சிட்டிருக்கிறார்கள். அவள் கட்டிப் பார்க்கவில்லை, கட்டியிருக்கிறாள். காமாட்சி பிறந்தது சீனக் குடும்பத்தில். பிறந்த சில நாட்களிலேயே பஃபலோ ரோட்டுப் பால்காரர் வீட்டுக்கு மகளாக வந்துவிட்டாள். அந்த நாளில் இப்படி வளர்ந்த பெண்கள் சிராங்கூன் ரோட்டில் பலர். சீனம் ஒரு சொல் தெரியாது. படத்தில் இருக்கும் பெண்கள் மூவரில் கொசுவம் ஒழுங்காக வைக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

எங்கள் வட்டாரக் குழு பழைய படங்களை வைத்து ஒரு கண்காட்சி நடத்தப் போகிறது. ஒவ்வொரு படத்தையும் ஓர் அறையின் சுவர் முழுக்கப் பெரிதாக்கி, பார்ப்பவர்கள் அதற்குள் நடந்து போவது போல அமைப்பார்களாம். கீழ்த்தளத்தில் இருப்பது அதன் மாதிரி. தவறுகளைச் சுட்டிக்காட்டி நான் தொலைபேசியில் பேசினேன். குழுவினர் மிகப் பணிவாகக் கேட்டுக்கொண்டு, "அவர் உங்கள் கணவர் இல்லையென்றால் அந்தப் பக்கத்தை வெட்டிவிடுகிறோம், மேடம். நண்டும் போய்விடும், படம் சுத்தமாக இருக்கும்" என்று பதில் அனுப்பியிருக்கிறார்கள்.

அந்தப் பக்கத்தை வெட்டக் கூடாது. ஏன் என்பது அன்றைய பயணத்தை முழுவதும் சொன்னால்தான் புரியும். அடுத்த மாதம் காமாட்சிக்கு இதய அறுவைச் சிகிச்சை. அதற்குள் இது முடிவாக வேண்டும் என்பதால் இங்கே எழுதுகிறேன். இதே வழியில் போக நினைப்பவர்களுக்கும் பயன்படட்டும்.

1962, டிசம்பர் பள்ளி விடுமுறை. மும்தாஜுக்குப் பினாங்கில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. அவளும் காமாட்சியும் நானும் கான்வென்ட்டில் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. ஆனால் மூவரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றுகூட இல்லை. பள்ளிப் படங்களில் சிஸ்டர்கள் எங்களை உயரப்படி நிறுத்துவார்கள். நான் பின்வரிசையில், காமாட்சி நடுவரிசையில், மும்தாஜ் தரையில். பினாங்கு மாமியாருக்குப் பெண்கள் படம் எடுத்துக்கொள்வது பிடிக்காது என்று பேச்சு வேறு. ஆகவே இப்போது எடுக்காவிட்டால் எப்போதும் இல்லை. மும்தாஜின் உம்மா ஒரு நாள் விட்டார். மஃரிப் என்னும் அந்தித் தொழுகைக்கு முன் வீட்டில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

என் அண்ணனின் பெட்டிக் கேமராவைக் கேட்டு வாங்கினேன். ஒரு சுருளில் எட்டுப் படம். இடுப்பளவில் பிடித்துக்கொண்டு, மேலே இருக்கும் சிறிய கண்ணாடியைக் குனிந்து பார்க்க வேண்டும். அந்தக் கண்ணாடியில் இடது வலதாகத் தெரியும். இதை அண்ணன் என்னிடம் சொல்லவில்லை.

காலை ஒன்பது மணிக்கு பஃபலோ ரோட்டில் தொடங்கினோம். லிட்டில் இந்தியா என்று அப்போது யாரும் சொன்னதில்லை. சிராங்கூன் ரோடு, தேக்கா, அவ்வளவுதான். காமாட்சியின் அப்பாவுடைய மாடுகள் கொட்டிலில் நின்றன. பின்னால் மசாலா அரைக்கும் மில்லின் தூசி வெயிலில் சிவப்பாக மிதந்தது. மாட்டின் அருகில் அவளை நிறுத்தினேன்.

"கொஞ்சம் இடது பக்கம் வா."

"யாரோட இடது?"

"படத்தோட இடது."

"படம் இன்னும் எடுக்கவே இல்லையே, அதுக்கு ஏது இடது?" என்றாள் காமாட்சி.

"அவ பேசிக்கிட்டே இருக்கா, மாடு போயிக்கிட்டே இருக்கு" என்றாள் மும்தாஜ்.

முதல் படத்தில் மாட்டின் பின்பாதி மிகத் தெளிவாக விழுந்திருக்கிறது. காமாட்சியின் கை தெரிகிறது. இரண்டாவது படம் தேக்காச் சந்தையின் பூக்கடை வரிசை. மும்தாஜ் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கடைக்காரரிடம் மல்லிகை விலையைக் கேட்பது போல நடிக்கிறாள். கடைக்காரர் நிஜமாகவே விலை சொல்லி, வாங்காமல் போனதற்காக அவளைத் திட்டியதை நான் எடுக்கவில்லை. ஆறு படம்தான் மீதம் இருந்தது.

அங்கிருந்து பஸ்ஸில், தலைக்குப் பத்துக் காசு கொடுத்து, ஆற்றோரம் போனோம். இன்று அங்கே உணவகங்கள் இருக்கின்றன; மேசைமேல் பூ வைக்கிறார்கள். அன்று தொங்காங் என்னும் சரக்குப் படகுகள் கரையை ஒட்டி நெருங்கிக் கிடக்கும். ஆற்றில் கால் நனையாமல் அக்கரைக்கு நடந்து போகலாம். மூக்கைப் பிடித்துக்கொள்ளத்தான் ஒரு கை வேண்டும். கூலிகள் அரிசி மூட்டையோடு ஒற்றைப் பலகையில் ஓடியதை ஒரு படம் எடுத்தேன். அது நல்ல படம். என் கணவர்கூட அதைப் பாராட்டினார். அவர் எளிதில் பாராட்டுபவர் அல்லர். பிறகு பாலத்தின்மேல் மும்தாஜையும் காமாட்சியையும் நிறுத்தி ஒன்று. என்னையும் மும்தாஜையும் காமாட்சி எடுத்தது ஒன்று. என்னையும் காமாட்சியையும் மும்தாஜ் எடுத்தது ஒன்று. அதில் வானம் நன்றாக இருக்கிறது.

யார் கேமராவைப் பிடித்தாலும் அவள் படத்தில் இல்லை. கோட்டுப் போட்ட ஒரு கனவானை நிறுத்தி உதவி கேட்டேன். என் ஆங்கிலத்துக்கு மதிப்புக் கொடுத்து உடனே ஒப்புக்கொண்டார். மூவரும் வரிசையாக நின்றோம். காமாட்சி சட்டென்று விலகிவிட்டாள்.

"மூணு பேரா நிக்கக் கூடாது. நடுவுல நிக்கறவ மொதல்ல போயிடுவா."

"எங்கே போவா?" என்றேன், வேண்டுமென்றே.

"எங்க போவாங்க, மேலதான். எங்கம்மா சொல்லியிருக்காங்க."

"எங்க உம்மாவும் சொல்லுவாங்க" என்றாள் மும்தாஜ், ஒரு அடி நகர்ந்து.

சிஸ்டர்களிடம் படித்த பெண்கள் இப்படிப் பேசலாமா என்று கேட்டேன். மூடநம்பிக்கைக்கு எதிராக மூன்று காரணங்கள் சொன்னேன். காமாட்சி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, அப்ப நீ நடுவுல நில்லு" என்றாள்.

படத்தின் அமைப்புப்படி உயரமானவர் ஓரத்தில்தான் நிற்க வேண்டும் என்று விளக்கினேன். இருவரும் சிரித்த சிரிப்பில் கனவான் தன்னைத்தான் கேலி செய்கிறோம் என்று நினைத்திருக்க வேண்டும். கேமராவை என் கையில் கொடுத்துவிட்டுப் படகுத்துறைப் பக்கம் போய்விட்டார்.

மதியம் மும்தாஜ் கட்டிக்கொண்டு வந்த நெய்ச்சோற்றைத் திடலில் மரத்தடியில் சாப்பிட்டோம். பிறகு பாசிர் பாஞ்சாங் மலைச்சரிவில் இருக்கும் சிலைத் தோட்டத்துக்குப் போக ஒரு பைரட் டாக்சி பிடித்தோம். உரிமம் இல்லாமல் ஓடும் வாடகை வண்டிகளை அப்படித்தான் சொல்வோம். போய்வர மூன்று வெள்ளி (டாலர்), காத்திருப்பதும் அதில் அடக்கம் என்று பேசி முடித்தது நான். தூரம் ஆறு மைலா ஏழு மைலா என்று சத்தியம் செய்ய மாட்டேன். வண்டியின் மானிகளில் எந்த முள்ளும் ஓடவில்லை.

ஓட்டுநர் சீனர். முப்பது வயதுக்குள் இருப்பார். முன் இருக்கையில் இருந்த காமாட்சியிடம் ஹொக்கியன் சீனத்தில் நீளமாக ஏதோ கேட்டார்.

அவள் பின்னால் திரும்பி, "என்னடி சொல்றாரு இவரு?" என்றாள்.

அவர் சாலையைவிட அவளைத்தான் அதிகம் பார்த்தார். மீண்டும் கேட்டார், இந்த முறை இன்னும் சத்தமாக. காது கேளாதவள் என்று நினைத்திருக்கலாம். கடைசியில் காமாட்சி சந்தை மலாயில், "சாயா ஓராங் தமிழ்" என்று அறிவித்தாள். நான் தமிழச்சி. அவர் அவளுடைய பொட்டையும் பூவையும் சேலையையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, "பாகுஸ்" என்றார். நல்லது. அதன் பிறகு சாலையைப் பார்த்து ஓட்டினார்.

தோட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடலைப் பார்த்த மலைச்சரிவு. அதில் சாந்தால் செய்து வண்ணம் பூசிய நூற்றுக்கணக்கான சிலைகள்; சீனக் கதைகள், மிருகங்கள், தேவர்கள், அசுரர்கள். எதிரே நின்று பார்க்கும் கலை அல்ல அது. பாறைக்குள் நுழைகிறீர்கள், தலைக்கு மேலே ஒருவன் வாளை ஓங்குகிறான், திரும்பினால் முதுகுக்குப் பின்னால் ஒரு வாய் திறந்திருக்கிறது. படத்துக்குள் நடப்பது என்று எங்கள் குழு இப்போது புதிதாகக் கண்டுபிடித்தது போலப் பேசுவது இதைத்தான். நாங்கள் அன்றே நடந்தோம், செருப்போடு.

நரகத்தில் மட்டும் அரை மணி நேரம் இருந்தோம். சிஸ்டர்கள் சொன்ன நரகத்தில் நெருப்பு ஒன்றுதான். இங்கே பத்து நீதிமன்றங்கள், ஒவ்வொரு குற்றத்துக்கும் தனிப் பிரிவு, நீதிபதிக்குப் பக்கத்தில் குமாஸ்தா. நிர்வாகம் என்றால் இப்படி இருக்க வேண்டும். தேர்வில் பார்த்து எழுதியவர்களுக்குக் குடலை உருவும் பிரிவு ஒன்று இருந்தது.

"மும்தாஜ், உன் இடம் இது" என்றேன். தையல் தேர்வில் நான் தைத்த ரவிக்கையைத்தான் தன் பெயரில் கொடுத்தாள்.

"எடுத்துக் கொடுத்தவங்களுக்கு எந்தப் பிரிவு? அதையும் பாத்துட்டுப் போயிடலாம்" என்றாள் அவள்.

அங்கே ஒரு படம் எடுத்தேன், ஏழாவது. ஒரு ராட்சசன் கோரப் பல்லோடு நிற்கிறான். அவன் பக்கத்தில் காமாட்சி தலைப்பூவைச் சரிசெய்கிறாள். வேறு யாரும் சொல்லாததால் நானே சொல்கிறேன், அது மிகச் சிறந்த படம்.

எட்டாவதுதான் கடைசி. கடல் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. வெயில் போனால் பெட்டிக் கேமரா வெறும் பெட்டி. வாசலில் ஐஸ் பந்து விற்ற மலாய்க்காரரிடம், ஆளுக்கொரு ஐஸ் பந்து வாங்குவதாகச் சொல்லி, படம் எடுக்க அழைத்து வந்தேன். பாச்சிக் என்று கூப்பிட்டோம், சித்தப்பா மாதிரி.

"மூணு பேரா நிக்க மாட்டேன்" என்றாள் காமாட்சி.

"நாலாவது ஆள் அதோ நிக்கிறாரு பாரு" என்று மும்தாஜ் கை காட்டினாள். டாக்சிக்காரர் வண்டியை விட்டுவிட்டு எங்கள் பின்னாலேயே தோட்டத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். இவ்வளவு நாள் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியவர், உள்ளே வந்தது அன்றுதானாம்.

கூப்பிட்டதும் சந்தோஷமாக வந்தார். எங்களைப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். "எம்பாட் தா போலே" என்று பின்வாங்கினார். நான்கு கூடாது. ஹொக்கியனில் நாலு என்கிற சொல்லும் சாவு என்கிற சொல்லும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலிக்குமாம்.

நானும் மும்தாஜும் காமாட்சியைப் பார்த்தோம்.

"என்னை ஏன் பாக்குறீங்க? எனக்கென்ன தெரியும்?" என்றாள் அவள்.

மூன்று எங்களுக்கு ஆகாது, நான்கு அவருக்கு ஆகாது. ஐந்தாவது ஆளாகப் பாச்சிக்கை நிறுத்தினால் எடுக்க ஆள் இல்லை. மேகம் மலையைத் தொட்டுவிட்டது. மும்தாஜ் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "விடு சரோ, பரவாயில்ல" என்றாள் என்னிடம். அந்தப் "பரவாயில்ல" எனக்குப் பிடிக்கவில்லை.

எனக்கு எதிரே ஒரு நண்டு இருந்தது. ஆள் உயரம். உடம்பு நண்டு, தலை மட்டும் பெண். கொண்டை, சிவந்த உதடு, கொஞ்சம் அகம்பாவமான முகம்.

"இதைச் சேத்துக்கிட்டா அஞ்சு" என்றேன்.

பெரிய விவாதம் நடந்தது. சிலை ஆளாகுமா என்பது முதல் கேள்வி. ஆகும் என்றால், பாதி நண்டு முழு ஆளாகுமா என்பது அடுத்தது. ஓட்டுநர் நண்டைச் சுற்றி வந்து பார்த்தார். பாச்சிக் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தவர், தம் ஐஸ் கரைவதைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "அடா கெப்பாலா, சத்து ஓராங்." தலை இருக்கிறது, எனவே ஒரு ஆள்.

"காலு பத்து இருக்கே" என்றாள் காமாட்சி.

"கால கணக்குல சேக்காத லா. ஓடி வா" என்றாள் மும்தாஜ்.

நண்டை நகர்த்த முடியாது என்பதால் அது ஓரத்தில். அதன் பக்கத்தில் நிற்க எங்களில் யாருக்கும் மனமில்லை, ஓட்டுநர் நின்றார். ஓட்டுநர் பக்கத்தில் மும்தாஜ் நிற்க முடியாது, அவள் நிச்சயமான பெண். காமாட்சி நிற்க முடியாது, அப்பாவின் பால் வாடிக்கையாளர் யாராவது பார்த்தால் மறுநாள் தேக்கா முழுக்கத் தெரிந்துவிடும். "நீதான் கான்வென்ட்டுல படிச்சவ, உனக்குப் பயமில்ல" என்றார்கள் இருவரும், தாங்கள் வேறெங்கோ படித்தவர்கள் போல. ஆகவே நான். என் பக்கத்தில் காமாட்சி, அவள் பக்கத்தில் மும்தாஜ். பாச்சிக் விசையை அழுத்தினார். முதல் மழைத்துளி நண்டின் நெற்றியில் விழுந்தது. மும்தாஜை மஃரிப்புக்கு முன் வீட்டில் விட்டோம். ஈரமாக, ஆனால் நேரத்துக்கு.

சிராங்கூன் ரோட்டு ஸ்டூடியோவில் படம் கழுவி வந்த அன்று மூவரும் போனோம். எட்டில் ஒன்றில்தான் எல்லோரும் இருந்தோம். எல்லோருக்கும் தலை இருந்தது. மும்தாஜ் அழுதுகொண்டே சிரித்தாள். காமாட்சி மட்டும் படத்தின்மேல் விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஏய், அஞ்சு பேருக்கு நடுவுல நீதான் நிக்கறே."

ஐந்துக்கு அந்தக் கணக்குக் கிடையாது என்று நான் சொன்னேன். அவள் ஒப்புக்கொண்டாள். ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காளி கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனை செய்துகொண்டிருந்தாள் என்பது பூசாரி என் அம்மாவிடம் சொல்லித்தான் தெரிந்தது. கூப்பிட்டுக் கண்டித்தேன். தலையாட்டினாள். அடுத்த வெள்ளியும் செய்தாள்.

மும்தாஜின் மாமியார் ஒரு நாள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டாராம். நண்டைப் பற்றி மட்டும்தான் கேட்டாராம். இரண்டு வருடம் கழித்து எனக்குக் கல்யாணமானபோது என் கணவர் ஓட்டுநரைப் பற்றிக் கேட்டார்.

"டாக்சிக்காரர் ஏன் உன் பக்கத்துல சிரிச்சிக்கிட்டு நிக்கிறாரு?"

"நாலு அவருக்கு ஆகாது."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

மும்தாஜ் நான்கு வருடத்துக்கு முன் பினாங்கில் இறந்துபோனாள். எழுபத்தைந்தைத் தாண்டி, பேரன் பேத்திகள் சூழ. "பாத்தியா, ஓரத்துல நின்னவதான் மொதல்ல போனா. உன் கணக்குத் தப்பு" என்று காமாட்சியிடம் சொன்னேன். "அவ அஞ்சு பேர்ல நின்னா. அதுக்குக் கணக்கே இல்லன்னு நீதானே சொன்னே" என்றாள். அவளை வாதத்தில் வெல்ல முடிந்ததில்லை.

இனி, போக நினைப்பவர்களுக்கு. தேக்காவுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். மாடு கிடையாது, பூக்கடைகள் உண்டு. ஆற்றங்கரையில் மூக்கைப் பிடிக்கத் தேவையில்லை. சிலைத் தோட்டத்துக்கு இப்போது வாசலிலேயே ரயில் நிற்கிறது. நரகத்தைப் பார்க்க இப்போது கட்டணம் உண்டு என்கிறார்கள். எங்களுக்கு இலவசமாகக் கிடைத்தது. வழியெல்லாம் படிகள், எனவே முழங்கால் வலி உள்ளவர்கள் தடியைக் கொண்டுபோகவும். நான் கொண்டுபோக மாட்டேன், ஆனால் நீங்கள் கொண்டுபோகவும். தண்ணீர், குடை, தொப்பி. உங்கள் கைப்பேசியில் எட்டாயிரம் படம் எடுக்கலாம் என்று தெரியும். எல்லோரும் சேர்ந்து நிற்கும் ஒன்றை முதலிலேயே எடுத்துவிடுங்கள்.

இப்போது குழுவின் செயலாளர் அவர்களுக்கு. வெட்டிய படத்தின் மாதிரியை நீங்கள் காமாட்சிக்கும் அனுப்பியிருக்கிறீர்கள். மரியாதைக்காகச் செய்தது என்று புரிகிறது. அவள் நேற்று புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து எனக்குத் தொலைபேசினாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள், மருத்துவர் சொன்ன தேதியைச் சொன்னாள். வைப்பதற்கு முன், "சரோ, நான் நடுவுல வந்துட்டேன்" என்றாள். குரலில் ஒன்றும் இல்லை. கீரை விலை சொல்வது போலச் சொன்னாள்.

நண்டையும் ஓட்டுநரையும் எடுத்துவிட்டால் படத்தில் மூவர்தான் இருக்கிறோம். நான், காமாட்சி, மும்தாஜ். இதையெல்லாம் நான் நம்புவதில்லை. என்னை அறிந்தவர்களுக்கு அது தெரியும். எனினும் அந்தப் படத்தில் நடுவில் நிற்பவள் நான். அந்த இடத்தை வேறு யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

படம் நண்டின் கடைசிக் கால் வரை முழுமையாக வைக்கப்படும் என்றும், "சேலை கட்டிப் பார்க்கும்" என்ற வரி நீக்கப்படும் என்றும் எழுத்தில் பதில் அனுப்பவும். தொலைபேசி வேண்டாம். காமாட்சி மருத்துவமனைக்குப் போகும் முன் நான் அதை அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.